உளவாளியின் இசையும் உழைத்தோர் பங்கும்

கலையைப் பற்றிய வாதங்களில் இரண்டு தவறான போக்குகளை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒரு படைப்பின் கருத்து பிற்போக்கானதாயின், அதனுள் அடங்கிய அனைத்தையும் ஒருங்கே தள்ளிவிட வேண்டும் என்பர் ஒரு சாரார். இசைக்குச் சொல் இல்லை, சொல் இல்லாததற்கு அரசியலும் இல்லை, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மகிழ்வோம் என்பர் மறுசாரார். முன்னவர் கலைஞனின் உழைப்பைக் காணத் தவறுகின்றனர். பின்னவர் அவ்வுழைப்பு யாருக்குப் பயன்பட்டது என்பதைக் காண மறுக்கின்றனர். இவ்விரு போக்குகளையும் உரசிப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல் ஒன்று உண்டு. ஜேம்ஸ் பொண்ட் என்னும் பிரித்தானிய உளவாளியைப் பற்றிய திரைப்பட வரிசையின் இசையே அது.

இவ்வரிசையின் முதற் படமாகிய 'டொக்டர் நோ' 1962 ஒக்டோபர் 5 இல் லண்டனில் திரையிடப்பட்டது. 2021 இல் வந்த 'நோ டைம் டு டை' வரை ஒரே நிறுவனம் 25 படங்களைத் தயாரித்தது. நாயகனாக நடித்தோர் மாறினர். பகைவர்கள் காலத்துக்கேற்ப மாறினர். ஆயின் நாயகனின் வரவை அறிவிக்கும் அந்தக் கிட்டார் மெட்டு மாறவில்லை. படத்தைப் பாராதவரும் மெட்டை அறிவர். எனவே, அம்மெட்டு எங்கிருந்து வந்தது, யார் யார் கைகளால் உருவாயிற்று என ஆராய்தல் வீண் வேலையாகாது.

முதலில் நாயகன் பிறந்த சூழலை நோக்குவோம். இவனைப் படைத்த இயன் பிளெமிங், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் புலனாய்வுப் பிரிவில் பணியாற்றியவர். 1946 இல் குடியேற்ற நாடாக இருந்த ஜமெய்க்காவில் கடலோரமாக நிலம் வாங்கி, வீடு கட்டி, அங்கிருந்தே தம் கதைகளை எழுதினார். முதல் நாவல் 1953 இல் வெளிவந்தது. இந்தியா கையை விட்டுப் போய்விட்டது. 1956 இல் சூயஸில் மானமும் போயிற்று. உலக அரங்கில் இழந்த வல்லமையைக் கற்பனையில் மீட்டுக்கொள்ளும் வேட்கை பிரித்தானிய நடுத்தர வர்க்கத்திற்கு இருந்தது. ஒரு தனி மனிதன், கையில் ஒரு துப்பாக்கியுடன், உலகத்தையே காப்பாற்றுகிறான் என்ற கதை அவ்வேட்கைக்குத் தீனி போட்டது. 1961 இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தமக்கு விருப்பமான நூல்களுள் பிளெமிங்கின் நாவலொன்றையும் குறிப்பிட்டார். பழைய ஏகாதிபத்தியத்தின் கனவு புதிய ஏகாதிபத்தியத்தின் சந்தையில் விலைபோகத் தொடங்கியது.

'டொக்டர் நோ' 1962 இன் தொடக்கத்தில் ஜமெய்க்காவிற் படமாக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 6 இல் ஜமெய்க்கா சுதந்திரம் பெற்றது. இரண்டு மாதங்களின் பின் திரைக்கு வந்த படத்திலோ சுதந்திரத்தின் நிழலே இல்லை. குவாரல் என்னும் கறுப்பினப் படகோட்டியைத் தன் பாதணிகளை எடுத்துவரும்படி பொண்ட் ஏவுகிறான். அப்படகோட்டி பின்னர் தீக்கு இரையாகிறான். கதை நிற்காமல் நகர்கிறது. பைரன் லீயும் அவருடைய குழுவினரும் போன்ற ஜமெய்க்கக் கலைஞர்களின் இசையும் படத்தில் உண்டு. ஆயின் அது விருந்து மண்டபத்துப் பின்னணியாக நிற்கிறது. வெற்றியின் இசை வெள்ளை நாயகனுக்கே உரியதாகிறது.

அந்த வெற்றியின் இசை யாருடைய சொத்து? இங்கேதான் வரலாறு நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

மெட்டை அமைத்தவராகப் பெயர் பெற்றவர் மொண்டி நோர்மன். 1928 இல் கிழக்கு லண்டனில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலேயே லற்வியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த தந்தை மரத்தளபாடங்கள் செய்யும் தொழிலாளி. தாய் சிறுமியருக்குச் சட்டை தைத்தவர். பொண்டின் மெட்டை அவர் பொண்டுக்காகப் புதிதாக ஆக்கவில்லை. வி. எஸ். நைப்பாலின் 'திரு. பிசுவாசுக்கு ஒரு வீடு' என்ற நாவல் 1961 இல் வெளிவந்தது. அதனை இசைநாடகமாக்கும் முயற்சிக்கென நோர்மன் சில பாடல்களை அமைத்திருந்தார். அவற்றுள் 'கெட்ட சகுனம், நல்ல சகுனம்' என்று பொருள்படும் ஒரு பாடல், இந்திய இசையின் சாயல் கொண்டது. நாடகம் மேடையேறாது போகவே, பாட்டு பெட்டிக்குள் கிடந்தது. உளவாளிக்கு இசை தேவைப்பட்டபோது, அப்பாட்டின் சுரங்களைத் துண்டு துண்டாக உடைத்து, மிடுக்கான நடையில் மீண்டும் கோத்ததாக நோர்மனே விளக்கியுள்ளார்.

அந்த நாவல் யாரைப் பற்றியது? 1845 இலிருந்து 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,40,000 இற்கு மேற்பட்ட இந்தியர் திரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அடிமை முறை ஒழிந்த பின் தோட்ட முதலாளிகள் கண்ட மாற்று வழி அது. அவர்களின் வழித்தோன்றலே பிசுவாஸ். பிறக்கும்போதே தீய சகுனத்தைக் கொண்டுவந்தவன் எனத் தூற்றப்பட்டு, தனக்கென ஒரு கூரை வேண்டி வாழ்நாள் முழுவதும் போராடும் எளிய மனிதன். கங்காணியின் பின்னால் மலையகத் தோட்டங்களுக்கு வந்து, வரிசை லயங்களில் முடங்கி, சொந்த வீட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துநின்ற நம் மக்களுக்குப் பிசுவாஸ் அந்நியன் அல்லன். வீடற்றவனின் சகுனப் பாட்டு, மாளிகைகளிற் சூதாடும் உளவாளியின் முழக்கமாயிற்று. ஏகாதிபத்தியம் கரும்பையும் தேயிலையையும் மட்டும் எடுத்துச் செல்லவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

ஆயின் பாட்டு ஒன்று, வாத்தியக் குழுவின் முழக்கம் வேறொன்று. நோர்மனின் அமைப்பு தயாரிப்பாளர்களுக்கு நிறைவளிக்கவில்லை. எனவே ஜோன் பாரி என்ற இளைஞரை அழைத்தனர். 1933 இல் யோர்க் நகரில் ஒரு படமாளிகை உரிமையாளரின் மகனாகப் பிறந்த பாரி, கட்டாய இராணுவச் சேவையின்போது சைப்பிரசிலும் எகிப்திலும் படைக்குழுவில் டிரம்பெட் வாசித்தவர். ஜாஸ் இசையமைப்பைத் தபால் மூலம் பயின்றவர். கிட்டாரின் அதிர்வையும் ஜாஸ் குழுவின் பித்தளைக் குழல் வீச்சையும் அவர் ஒன்றிணைத்தார். அதற்கு அவர் பெற்ற கூலி 250 பவுண். கிட்டாரை மீட்டியவர் விக் பிளிக். 1962 ஜூன் மாதத்தில் நடந்த அந்த ஒலிப்பதிவுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரே தடவைக் கொடுப்பனவாக 6 பவுண். 2024 இல் அவர் மறையும் வரை, உலகின் எத்தனையோ கோடிச் செவிகள் அவருடைய விரல்களைக் கேட்டன. அவருடைய பெயரைக் கேட்டோர் மிகச் சிலரே.

அம்மெட்டின் ஆற்றல் எங்கே உறைகிறது? நம் இசைமுறையைக் கொண்டு விளக்கலாம். ஆதார சட்சத்தின் மேல் பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்சுருதி தைவதம், மீண்டும் சுத்த தைவதம் என அடிநாதம் ஓயாது ஊர்கிறது. பைரவி இராகத்திலும் இரு தைவதங்கள் உண்டு. ஆயின் அங்கு ஒன்று ஏற்றத்திலும் மற்றொன்று இறக்கத்திலும் இடம் பிரிந்து நிற்கும். இங்கோ இரண்டும் அடுத்தடுத்து நெருங்கி, எதிலும் இளைப்பாறாது, பதுங்கிச் செல்பவனின் காலடிபோல் முன்னும் பின்னும் அசைகின்றன. இறுதியில் மெட்டு சாதாரண காந்தாரத்தோடு காகலி நிஷாதத்தையும் சேர்த்து ஒலிக்கும் ஓர் இசைவில் நிற்கிறது. முடிந்தது போலவும் முடியாதது போலவும் ஒரு மயக்கம் எஞ்சுகிறது. அடுத்த படத்திற்கு நம்மை அழைக்கும் வியாபாரத்திற்கு அம்மயக்கம் எத்துணை உதவிற்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மெட்டு பாரியினுடையதே என்று 1997 இல் லண்டன் வார இதழொன்று எழுதியது. நோர்மன் வழக்குத் தொடுத்தார். 2001 இல் நடுவர் குழு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, 30,000 பவுண் நட்டஈடு வழங்கியது. நாம் அத்தீர்ப்போடு வழக்காடவில்லை. கவனிக்கவேண்டியது சட்டத்தின் பார்வையை. 'முதலில் எழுதியவர் யார்?' என்பதே அதன் கேள்வி. எழுதியவன் உடைமையாளன், ஒலியாக்கியவன் கூலியாள். கூட்டு உழைப்பிலே பிறந்த ஒரு கலைப் பொருளைத் தனிச் சொத்தாக்காமல் அச்சட்டத்தால் அளக்க முடியவில்லை. அதே 2001 இல் நைப்பாலுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்பதும் வரலாற்றின் ஒரு விந்தை.

'டொக்டர் நோ'வின் பின் பாரி 1963 முதல் 1987 வரை 11 பொண்ட் படங்களுக்கு இசையமைத்தார். அவற்றுள் முதன்மையானவை மூன்று என்பது நம் கருத்து.

முதலாவது, 1964 இல் வந்த 'கோல்ட் பிங்கர்'. பொன்மேல் பித்துக்கொண்ட ஒரு முதலாளியின் கதைக்கு, பித்தளைக் குழல்களின் உலோக வெறியையே பாரி இசையாக்கினார். பாடியவர் ஷேர்லி பஸ்ஸி. வேல்ஸ் நாட்டின் கார்டிப் துறைமுகத்தில், டைகர் பே என்னும் கப்பற் தொழிலாளர் பகுதியில், நைஜீரியக் கடலோடி ஒருவருக்கும் ஆங்கிலப் பெண்ணொருவருக்கும் 1937 இற் பிறந்தவர். நிலக்கரிக் கப்பல்களில் உழைக்க வந்த கறுப்பினத்தவர் மீது 1919 இல் வெறியாட்டம் நடந்த நகரம் அது. பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்ற அப்பெண்ணின் குரல், பொன்னாசையின் குரூரத்தைப் பாடி உலகை வென்றது. 1965 இல் அப்பட இசைத்தட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பெற்றது. 1971 இல் 'வைரங்கள் என்றும் நிலைப்பவை' என்ற பாடலையும் அவரே பாடினார். தென்னாபிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் வைரங்களை வாயில் மறைத்துக் கடத்துவோராகப் படத்தின் தொடக்கத்திற் காட்டப்படுகின்றனர். அவர்களைக் களவுக்குத் தூண்டும் கூலியையோ, அவர்களை வேலியிட்டு அடைத்த நிறவெறியையோ படம் காட்டுவதில்லை. ஆபிரிக்கத் தந்தையின் மகள் வைரத்தின் புகழ் பாட, ஆபிரிக்கத் தொழிலாளி திருடனாக நிற்கிறான்.

இரண்டாவது, 1967 இன் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்'. அதன் வயலின்களின் படிப்படியான இறக்கம் இன்றும் செவிக்கு இனிது. இசையின் நயத்தைத் தவிர அப்படத்திற் பேசத்தக்கது குறைவு.

மூன்றாவது, 1969 இன் 'ஒன் ஹர் மெஜெஸ்டிஸ் சீக்ரெட் சேர்விஸ்'. மின்னியக்க ஒலிக்கருவியைத் துணிந்து கையாண்ட அப்படத்திலேயே, நமக்கு எல்லாக் காலமும் உண்டு என்னும் பொருள்படும் காதற் பாடலொன்று வருகிறது. அதனைப் பாடிய லூயி ஆம்ஸ்ட்ரோங் அப்போது நோயாளி. தம் டிரம்பெட்டைத் தாமே ஊத இயலாத நிலை. 1971 இல் மறைந்தார். நியூ ஒர்லியன்ஸின் வறுமையிலிருந்து எழுந்த இம்மாமேதையை அமெரிக்க அரசு பனிப்போர்க் காலத்தில் தன் நல்லெண்ணத் தூதுவராக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஆயின் 1957 இல் லிட்டில் றொக் நகரில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிவாசலில் தடுத்தபோது, அவர் அரசைக் கண்டித்து, திட்டமிடப்பட்ட சோவியத் பயணத்தையும் கைவிட்டார். உளவாளியின் படத்தில் மனிதக் கனிவுள்ள ஒரே குரல் அவருடையதாக இருப்பது தற்செயல் அன்று. அவருக்கு முடிந்துகொண்டிருந்த காலம் அப்பாட்டின் ஒவ்வொரு மூச்சிலும் கேட்கிறது.

இவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்தாற்போன்ற காட்சி 1983 இன் 'ஒக்டோபுசி'யில் உண்டு. இராஜஸ்தானத்தின் உதயபூரிற் பொண்ட் கரையேறுகிறான். பாம்பாட்டி வேடத்தில் ஓர் இந்திய ஒற்றன் காத்திருக்கிறான். தன்னை அடையாளங் காட்ட அவன் மகுடியில் ஊதுவது வேறெதுவுமன்று, பொண்டின் மெட்டே. நடித்தவர் சென்னையிற் பிறந்த டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். அரங்கில் சிரிப்பொலி எழுகிறது. இந்தியக் கூலியின் வழித்தோன்றலுக்கென இந்தியச் சாயலிற் பிறந்த பாட்டு, உலகைச் சுற்றி, எசமானின் அடையாளச் சின்னமாகி, இந்திய மண்ணுக்கே மகுடிக் கேலியாகத் திரும்பி வருகிறது. அதே படத்தில் தன் சூதாட்டப் பணத்திற் கொஞ்சத்தை இந்திய உதவியாளனிடம் கொடுத்து, இது சில வாரக் கறிச் செலவுக்கு ஆகும் என்று பொண்ட் நையாண்டி செய்கிறான். கடன் பட்டவனே பிச்சை இடுகிறான்!

பாரிக்குப் பின் வந்தோர் பலர். 2012 இல் அடெல் பாடிய 'ஸ்கைபோல்' இவ்வரிசையில் ஒஸ்கார் பரிசு பெற்ற முதற் பாடலாயிற்று. வேறு படங்களுக்காக ஐந்து ஒஸ்கார் பெற்ற பாரிக்குப் பொண்ட் இசைக்காக ஒன்றேனும் கிடைக்கவில்லை. 2021 இன் படம் ஆம்ஸ்ட்ரோங்கின் பழைய குரலைக் கடன் வாங்கியே முடிந்தது. 2025 இல் படவரிசையின் ஆக்க அதிகாரம் அமேசன் என்னும் மாபெரும் வணிக நிறுவனத்தின் கைக்குச் சென்றது. குடும்பச் சொத்து கூட்டு மூலதனத்தின் சொத்தாயிற்று. இசைத்தோர் பங்கு பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆகவே, தொடக்கத்திற் கூறிய இரு சாராருக்கும் நம் விடை இதுவே. இவ்விசையை எறிந்துவிடுவோமாயின், தச்சுத் தொழிலாளியின் மகனையும் கடலோடியின் மகளையும் 6 பவுணுக்கு மீட்டிய விரல்களையும் சேர்த்தே எறிகிறோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்போமாயின், குவாரலின் மரணத்தையும் சுரங்கத் தொழிலாளியின் அவமானத்தையும் நாமும் பாராது விடுகிறோம். மாணவர்களுக்கு இசையையும் வரலாற்றையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இம்மெட்டை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். முதலில் கேட்கட்டும்; சுவைக்கட்டும். பின்னர் இது எங்கே பிறந்தது, யார் உழைத்தனர், யார் பெற்றனர் என்று கேள்வி எழுப்பட்டும். வீடு தேடிய பிசுவாசின் பாட்டை உளவாளியிடமிருந்து மீட்பதற்கு வேறு குறுக்கு வழி இல்லை.