கண்ணில் தெரிந்த கழுத்து நோய்

முதியோர் சிலருக்கு ஒரு கண் திடீரென இருண்டு, சில நிமிடங்களில் தெளியும். நோவு இராது, ஆதலால் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அவ்விருளின் காரணம் புலப்பட நூறாண்டுக்கு மேலாயிற்று.

1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ளோரின் விழித்திரையைக் காட்டும் கருவியை வெளியிட்டார். 1859-இல் கிரேஃபே, நெஞ்சிலிருந்து வந்த இரத்தக் கட்டி விழித்திரைத் தமனியை அடைத்தமையை எழுதினார். கழுத்துத் தமனியும் காரணமாகும் என்பது பின்னரே தெளிவாயிற்று. கழுத்துத் தமனி அடைபட்டுப் பக்கவாதமுற்றோர் சிலர் முன்னரே ஒரு கண்ணில் இருள் கண்டிருந்தமையை, 1952-இல் கனடிய மருத்துவர் மில்லர் ஃபிஷர் எடுத்துரைத்தார். 1961-இல் அமெரிக்கரான ஹாலன்ஹார்ஸ்ட், விழித்திரை நாளங்களில் மின்னும் துகள்களைக் கண்டு, அவை பெருந்தமனிகளின் உட்சுவரிலிருந்து பெயர்ந்த கொழுப்பே என விளக்கினார்.

எனவே, இருள் நீங்கிற்றென்று வாளாவிருத்தல் தகாது. அன்றே மருத்துவரை நாடுதல், வரவிருக்கும் பக்கவாதத்தைத் தடுக்கும் வாய்ப்பாகும்.