வன்னிக் காடும் குடிகளும்

ஆனையிறவுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் வன்னியைக் குடாநாட்டார் வெறுங் காடென எண்ணுவதுண்டு. பாலையும் முதிரையும் கருங்காலியும் செறிந்த அந்நிலத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழையைக் குளங்களில் தேக்கியே மக்கள் நெல் விளைத்தனர். காடே அவர்கட்கு அரணாயிற்று. வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாக அளித்தும், தம் ஆட்சியை எளிதில் விட்டுக்கொடுத்தாரல்லர். 1803ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவைக் கைப்பற்றினான். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவில் தோல்வியுற்றான்.

குளங்கள் உடைந்தன, காய்ச்சல் பரவிற்று, ஊர்கள் பாழாயின. 20ஆம் நூற்றாண்டில் இரணைமடுக் குளம் அமைந்த பின்னரே குடாநாட்டு உழவர் பலர் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறினர். காட்டினுள் இன்றும் காணப்படும் பழைய குளக்கட்டுகள், அங்கும் மனிதர் உழுது வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாய் நிற்கின்றன.