நாற்பத்தொன்பதாம் நாள்

குடியை விடுவதாகச் சபதம் செய்த காஞ்சிபுரத்துக்காரர்களில், எழுத்தில் நான் சந்தித்த மூத்தவர் ஒரு நாடகப் பாத்திரம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமஸ்கிருதத்தில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' நாடகத்தில் வரும் கபாலி, சத்தியசோமன். கதை நடப்பது காஞ்சித் தெருக்களில். போதையில் துணைவி தேவசோமையின் பெயரை மாற்றிச் சொல்லிவிடுகிறான். அவள் கோபித்துக்கொள்ள, இன்று முதல் குடிப்பதில்லை என்கிறான். அவளோ பதறிப்போய், எனக்காக உன் விரதத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்று காலில் விழுகிறாள். காபாலிகர்களுக்குக் குடியும் விரதத்தின் ஒரு பகுதி. உடனே சமாதானமாகி இருவரும் மதுக்கடையைப் பார்க்க நடக்கிறார்கள். சபதம் சில வரிகள்கூடத் தாங்கவில்லை.

பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள். அதே ஊரில் இன்று குடியை நிறுத்தும் சபதத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு கௌரவமான வடிவம் இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் மாலை போடுவது. ஒரு மண்டலம், 48 நாள். கறுப்பு வேட்டி, பச்சைத் தண்ணீர்க் குளியல், காலில் செருப்பு கிடையாது. குடி அறவே கிடையாது. வருடம் முழுக்கக் குடிப்பவர்கள்கூட அந்த 48 நாளும் ஒரு சொட்டு தொடமாட்டார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றோ மறுநாளோ பழைய கடைக்குப் பழையபடி, பல நேரம் பழையதைவிட மோசமாக.

பிள்ளையார்பாளையத்தில் என் தாய்மாமா குழித்தறி நெய்தார். 5 முறை மாலை போட்டார், 5 முறையும் இதுதான் நடந்தது. ஆறாவது கார்த்திகைக்கு அவர் இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அத்தை என்னிடம் கேட்டது: "நீ படிச்சவன், சொல்லுப்பா. நாப்பத்தெட்டு நாள் விட முடிஞ்ச மனுஷனுக்கு நாப்பத்தொம்போதாம் நாள் ஏன் முடியாது? அப்போ வேணும்னுதானே குடிச்சாரு?"

தமிழ்நாட்டில் பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. கேள்விக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது: விட முடியும், ஆனால் விடவில்லை, ஆகவே திமிர். இந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அது கோயிலும் இல்லை, கோர்ட்டும் இல்லை. எலிக்கூண்டுகளும் தராசும் இருந்த ஒரு அறை.

அதற்கு முன் நம் அரசுகள் இந்தக் கேள்வியை எப்படி அணுகின என்று பார்த்துவிடலாம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதன் பலனைச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையினர் ஆராய்ந்தபோது அளந்தது குடும்பத்தின் வரவுசெலவை. 1948-க்குள் மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியது. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காஞ்சியும் அதில் அடக்கம். காஞ்சியில் பிறந்த அண்ணா முதல்வரானபோது மதுவிலக்கைத் தளர்த்த மறுத்தார். அவருக்குப் பின் 1971-ல் கலைஞர் அரசு அதை நிறுத்திவைத்தது, 1974-ல் மீண்டும் கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள், சாராயக் கடைகள் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மூடுவதும் திறப்பதுமான இந்த நீண்ட வாதத்தில் வருவாய் உண்டு, ஒழுக்கம் உண்டு, பெண்களின் கண்ணீர் உண்டு. குடிக்கிறவனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விக்குத்தான் இடம் குறைவு.

அந்தக் கேள்வியோடு 1940-களில் எலிகளிடம் போனவர்களில் ஒருவர் சிலி நாட்டின் ஹோர்ஹே மார்தோனெஸ். சாந்தியாகோவில் அவருடைய ஆய்வுக்கூடத்தில், ஒரே தீனி தின்னும் எலிகளில் சில மதுவை நாடின, சில ஒதுக்கின. நாடியதை நாடியதோடும் ஒதுக்கியதை ஒதுக்கியதோடும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து இரண்டு வம்சங்களை உருவாக்கினார்கள்.

அடுத்தது ஃபின்லாந்து. 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு நடத்திப் பார்த்துக் கைவிட்ட நாடு அது. பிறகு விற்பனையை அல்கோ என்ற அரசு ஏகபோக நிறுவனத்திடம் கொடுத்தது. நமக்கு டாஸ்மாக் ஞாபகம் வரும். ஒரு வித்தியாசம், அல்கோ மது விற்றதோடு நிற்காமல் குடியை ஆராயும் சோதனைக்கூடங்களையும் ஹெல்சிங்கியில் நடத்தியது. 1960-களில் அங்கே கலெர்வோ எரிக்சன் 'ஏ.ஏ.' என்ற குடிகார எலி வம்சத்தையும் 'ஏ.என்.ஏ.' என்ற குடிக்காத வம்சத்தையும் வளர்த்தெடுத்தார். எலிக்குத் திமிர் என்றோ மானம் போய்விட்டது என்றோ யாரும் சொல்லமுடியாது. அப்படியிருந்தும் அவற்றில் குடிப்பவை இருந்தன, அது பரம்பரையாகவும் வந்தது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆய்வுக்கட்டுரை கையில் கிடைத்தால் முடிவுரையைவிடச் செய்முறைப் பகுதியைத்தான் முதலில் படிப்பேன். அங்கேதான் லேப் டெக்னீஷியனின் நிழல் தெரியும். கூண்டுக்கு இரண்டு குப்பிகள், ஒன்றில் தண்ணீர், மற்றதில் 10 சதவீத ஆல்கஹால். தினமும் ஒரே நேரத்தில் இரண்டையும் எடுத்து நிறுத்து எழுத வேண்டும். எலிக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்று பழக்கம் விழுந்துவிடும், அதனால் குப்பிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலி மதுவைத் தேர்ந்தெடுத்ததா, மூலையைத் தேர்ந்தெடுத்ததா என்று தெரியாமல் போகும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: எலியே இல்லாத காலிக் கூண்டிலும் இரண்டு குப்பிகளை மாட்டி வைப்பார்கள். தானாகச் சொட்டியதும் ஆவியானதும் எவ்வளவு என்று அதில் தெரியும், அதைக் கழித்துவிட்டால் மிச்சம்தான் உண்மையில் குடித்தது. ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது, ஒரு நாள் விட்டால் வரிசையில் ஓட்டை விழுந்துவிடும். இத்தனையும் செய்தவரின் பெயர் கட்டுரையின் தலைப்பில் இருக்காது. பெரும்பாலும் கடைசியில் நன்றி சொல்லும் ஒற்றை வரியில் வரும், அதுவும் வந்தால்.

இப்படி நிறுத்து எழுதிய எண்களிலிருந்துதான் அத்தையின் கேள்விக்கு முதல் பதில் வந்தது. 1967-ல் அமெரிக்காவில் ஜான் டேவிட் சிங்க்ளேரும் சென்டரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பல வாரம் மது கிடைத்துவந்த எலிகளிடமிருந்து மதுக்குப்பியை எடுத்துவிட்டார்கள், தண்ணீர் மட்டும்தான். சில நாட்கள் கழித்து மதுவைத் திருப்பி மாட்டினார்கள். மறந்துபோயிருக்கும் அல்லது குறைவாகக் குடிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அவை முன்பு குடித்ததைவிட அதிகமாகக் குடித்தன. சில நாளில் பழைய அளவுக்கு இறங்கின. இதற்கு மது மறுப்பு விளைவு என்று பெயர். பின்னால் வந்தவர்கள், சில எலி வம்சங்களில் நிறுத்துவதையும் கொடுப்பதையும் திரும்பத் திரும்பச் செய்தால் இந்த வேகம் கூடுவதைப் பார்த்தார்கள்.

எலி மாலை போட்டுக்கொண்டதில்லை. ஆனால் அதன் நாற்பத்தொன்பதாம் நாள் எப்படி இருக்கும் என்று அந்தத் தராசு சொல்லிவிட்டது. இடைவெளி ஆசையை அழிப்பதில்லை, சேர்த்து வைக்கிறது.

ரத்தமும் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. குடிப்பவர்களுக்கு ஈரல் கெடும்போது ஜி.ஜி.டி. என்ற நொதி ரத்தத்தில் ஏறும். குடியை நிறுத்தினால் சில வாரங்களில் இறங்கத் தொடங்கும். ஒரு மண்டலம் முடியும்போது ரிப்போர்ட்டில் அந்த எண் நன்றாகவே தெரியலாம், வீட்டிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புவார்கள். அதே தாளில் எம்.சி.வி. என்று இன்னொரு எண் இருக்கும், சிவப்பணுக்களின் சராசரிப் பருமன். நீண்டநாள் குடியில் அது பெருக்கும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், எனவே பழைய அணுக்கள் எல்லாம் போய்ப் புதியவை வர மாதங்கள் ஆகும். 48 நாள் முடிந்து இருமுடியை இறக்கி வைத்த உடம்பில், குடித்த காலத்து ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

மருந்துகளும் சோதனைக்கூடங்களிலிருந்தே வந்தன. கோபன்ஹேகனில் எரிக் யாகோப்சனும் யென்ஸ் ஹால்டும் குடற்புழுவுக்காக டைசல்ஃபிராம் என்ற பொருளைத் தாங்களே விழுங்கிச் சோதித்தபோது, அதன்மேல் மது பட்டால் முகம் சிவந்து நெஞ்சு படபடப்பதைக் கண்டார்கள். 1948-ல் அதைக் குடிநோய்க்கான மருந்தாக அறிவித்தார்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு, அது உயிருக்கே ஆபத்து. மதுவின் சுகத்தையே மூளையில் மங்கவைக்கும் நால்ட்ரெக்ஸோன் 1994-ல் அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதி பெற்றது. ஃபின்லாந்துக்குப் போய் அல்கோவில் வேலைபார்த்த சிங்க்ளேர் அதற்காக நிறைய வாதாடியவர். சென்னையில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கி, குடியை நோயாகவே நடத்தினார். குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்பு என்பது அங்கே முறையானது.

எலிக்கணக்கால் அளக்கமுடியாத ஒன்றும் மாலையில் இருக்கிறது. அந்த 48 நாளும் மாமாவை ஊரே "சாமி" என்று கூப்பிட்டது. முதலாளி கூலியை நீட்டும்போதுகூட "சாமி, எண்ணிக்குங்க" என்றார். கூட்டாளிகள் கடைப்பக்கம் கூப்பிடவில்லை, அத்தை தனிப் பாத்திரத்தில் சமைத்தார், கோர்வைக்கு உட்கார வரும் பையன்கூட அவர் குரலுக்குப் பயப்படாமல் இருந்தான். மாலை ஒரு தடை மட்டும் இல்லை, மரியாதை, நேரம்தவறாமை, கூட்டம், கண்காணிப்பு எல்லாம் சேர்ந்த சிகிச்சை. மாலையைக் கழற்றும் அன்று அத்தனையும் ஒரே நாளில் பறிபோகிறது. ஆசை உச்சத்தில் இருக்கும் நாளும் அதுவேதான்.

அத்தையிடம் இதை அப்படியே சொன்னேன், எலி உட்பட. 48 நாளும் அவர் நடித்தது கிடையாது, அது நிஜம். நாற்பத்தொன்பதாம் நாள் அவர் ஏமாற்றவும் இல்லை, அன்றுதான் அவருக்கு ஆள் துணை அதிகம் தேவைப்பட்டது. "அப்போ அன்னைக்கு எங்கனா கூட்டிட்டுப் போயிருக்கணும்ல" என்றார் அத்தை.

ஆமாம். இந்தக் கார்த்திகைக்கும் நிறைய பேர் மாலை போடுவார்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாளில் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். மாலை போடும் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டிவிடுவது நல்லது. மலையிலிருந்து திரும்பும் தேதி எப்படியும் முன்கூட்டியே தெரிந்ததுதானே. அடுத்த நாளைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி வைக்கலாம். வீட்டில் இன்னும் கொஞ்ச நாளைக்கு அவரைச் சாமி என்றே கூப்பிடலாம், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.