கட்டினவள் சேராள்



1 நாளாகமத்தின் வம்ச அட்டவணையை வேகமாய்க் கடந்துபோகாதிருங்கள். 7:24-ல் சேராள் நிற்கிறாள்.

எப்பிராயீமின் குமாரரைக் காத் ஊரார் கொன்றுபோட்டார்கள். தகப்பன் அநேகநாள் துக்கங்கொண்டாடினான். பின்பு பிறந்த மகனுக்கும் அந்தத் தீங்கின் நினைவாகவே பெரீயா என்று பேரிட்டான். அந்தத் துக்கவீட்டில் தோன்றிய மகளே கீழ்பெத்தொரோன், மேல்பெத்தொரோன், ஊசேன்சேரா ஆகிய 3 ஊர்களைக் கட்டினாள். கடற்கரைச் சமவெளியிலிருந்து எருசலேமின் மலைநாட்டுக்கு ஏறும் வழியைக் காத்து நின்றவை பெத்தொரோன்கள். பிற்காலத்தில் சாலொமோன் அவற்றை அலங்கமும் கதவுகளும் தாழ்ப்பாள்களும் உள்ள அரணான பட்டணங்களாக்கினான்.

சேராளின் கணவன் பெயர் எழுதப்படவில்லை; அவள் கட்டியது எழுதப்பட்டிருக்கிறது.

நம் இரும்பையிலும் பிள்ளையை இழந்த வீடுகள் உண்டு. அங்கே கட்டும்படி எழும்புகிற மகளைத் தடுக்காதிருங்கள். கர்த்தர் அவள் கைகளைத் திடப்படுத்துவாராக. ஆமென்.