ஒயின் நிலவறை

ஒயின் நிலவறை என்பது திராட்சை ஒயின் புட்டிகளை ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைத்து முதிரவிடுவதற்காக, வெப்பமும் ஈரமும் ஒரே அளவில் நிறுத்தப்பட்ட அறை. பெரும்பாலும் தரைக்குக் கீழே அமைவது. பிரான்சில் இது தோண்டினாலே கிடைத்துவிடுகிற அறை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக நாகரசம்பட்டி நோக்கிச் சரியும் நிலத்தில் தோண்டினால் கிடைப்பது குழி மட்டும்தான். குளிர்ச்சியைக் காப்புப்பலகையும் இயந்திரமும் கொண்டுவர வேண்டும். பெங்களூரை ஒட்டி வளரும் தனிவீடுகளில் இப்படியொரு அறை கேட்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

மண்ணின் வெப்பம்

சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை இரவு பகலுக்கோ கோடை மாரிக்கோ அசைவதில்லை. அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். பாரிஸ் வானாய்வகத்துக்குக் கீழே 28 மீட்டர் ஆழத்தில் உள்ள நிலவறையில் 18ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலாளர் லவாய்சியே உருவாக்கிய வெப்பமானியை வைத்து அளந்தார்கள். அங்கே 12 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைவு. ஒயினுக்கு உகந்தது 12 முதல் 14 டிகிரி. பிரெஞ்சு உழவன் இயற்பியல் ஏதும் அறியாமலே சரியான அறையைப் பெற்றது இதனால்தான்.

பெங்களூரின் ஆண்டுச் சராசரி சுமார் 24 டிகிரி. அங்கிருந்து 40 கிலோமீட்டரில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கும் ஓசூரும் அதே கணக்கில் வரும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருப்பது. ஓசூர் மேட்டிலிருந்து இறங்கியதும் காற்று மாறுவதைப் பேருந்தில் போகிறவரே உணர்வார். போச்சம்பள்ளி வட்டத்துப் பேரூராட்சியான நாகரசம்பட்டி இந்தக் கீழ்ப்பக்கத்தைச் சேர்ந்தது. ஆகவே இந்த வட்டாரத்து மண் 24 முதல் 27 டிகிரி வரையில் நிலையாக இருக்கும் என்று கொள்ளலாம். நிலைத்தன்மை உண்டு, குளிர் இல்லை. ஒயினுக்கு இது பத்து டிகிரிக்கு மேல் அதிகம்.

இந்த மண் சேமிப்புக்கே லாயக்கில்லை என்று சொல்லிவிட முடியாது. கெட்டியான செம்மண்ணில் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, கேழ்வரகைக் கொட்டி, வாயைக் கல்லாலும் களிமண்ணாலும் மூடிப் பல ஆண்டுகள் காப்பது கன்னட நாட்டிலும் அதை ஒட்டிய தமிழ் ஊர்களிலும் பழைய வழக்கம். மூடிய குழிக்குள் தானியம் மூச்சுவிட்டே உயிர்வளியைத் தீர்த்துவிடும், புழு செத்துப்போகும். திறந்தவுடன் உள்ளே இறங்கினால் ஆளும் சாவான் என்பதால் விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டே இறங்குவார்கள். கேழ்வரகுக்கு வேண்டியது வறட்சியும் காற்றின்மையும். 25 டிகிரியைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

மதுவைப் புதைத்து முதிரவைப்பதும் தமிழருக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 120ஆம் பாட்டில் கபிலர் பாரியின் நாட்டைப் பாடும்போது நிலத்தில் புதைத்து முற்றவைத்த தேறலைக் குறிப்பிடுகிறார். அதே நூலின் 56ஆம் பாட்டு யவனர் கொண்டுவந்த மதுவைச் சொல்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் பகுதியின் ஒயின் சாடிகள் உடைந்த நிலையில் கிடைத்தது அந்தப் பாட்டுக்குத் துணைச்சான்று. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அதியமானின் தகடூர் நாடு. அவன் தன்னிடமிருந்த கள்ளை எப்படிப் பகிர்ந்தான் என்று ஔவையார் இரங்கிப் பாடியது 235ஆம் பாட்டு. ஆனால் புதைத்த தேறல் நாட்கணக்கில் புளித்து ஏறுவது. பத்தாண்டு பொறுத்துத் திறக்கும் திராட்சை ஒயினின் தேவை வேறு.

ஒயின் கேட்பவை

முதல் தேவை குளிர் அல்ல, ஏற்ற இறக்கமின்மை. சூடேறும்போது திரவம் விரிந்து தக்கையைத் தள்ளும். ஆறும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நாள்தோறும் இது நடந்தால் ஓரிரு ஆண்டில் ஒயின் காற்றுப் பட்ட ஆப்பிள்போல் பழுப்பேறிச் சுவை இழக்கும். 15 டிகிரியில் அசையாமல் இருக்கும் அறை, 11க்கும் 19க்கும் இடையே ஆடும் அறையைவிட மேல். 25 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் கிடந்தால் பழச்சுவை போய் வெந்த சுவை வரும்.

அடுத்தது ஈரப்பதம்: 60 முதல் 70 விழுக்காடு. குறைந்தால் தக்கை காய்ந்து சுருங்கும். மிகுந்தால் ஒயினுக்குக் கேடில்லை, லேபிளில் பூஞ்சை ஏறும், அட்டைப்பெட்டி நைந்துபோகும். புட்டியைப் படுக்கவைப்பதும் தக்கையை நனைவாக வைக்கவே. திருகுமூடிப் புட்டிக்கு அது தேவையில்லை. வெயிலும் குழல்விளக்கின் புற ஊதா ஒளியும் ஆகாது. குளிர்விக்கும் இயந்திரத்தின் கம்ப்ரசர் அதிர்வு புட்டித்தாங்கியை எட்டக் கூடாது.

குழி வெட்டுதல்

ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் செம்மண் மெல்லிய போர்வை மட்டுமே. பல இடங்களில் சில அடியிலேயே பாறை. கருங்கல் குவாரிகளுக்குப் பேர்போன மாவட்டம் இது. குடியிருப்புக்கு நடுவே வெடி வைக்க உரிமமும் அண்டைவீட்டாரின் பொறுமையும் தேவைப்படும் என்பதால், துளையிட்டு விரிசல் மருந்து ஊற்றியோ ஆப்பு அடித்தோ பிளப்பார்கள். செலவு மண் தோண்டுவதைப்போல் பல மடங்கு.

பாறையைவிடத் தொல்லை தருவது மழைநீர். செம்மண்ணில் இறங்கிய நீர் பாறைத்தட்டை அடைந்ததும் அதன் மேலேயே பக்கவாட்டில் ஓடும். வெட்டிய குழி அந்த ஓட்டத்துக்குக் கிணறாகிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமும் மழை தரும் ஊர்களில் இது ஆண்டில் பாதி நாள் பிரச்சினை. சுவரின் வெளிப்பக்கம் நீர்புகாப் பூச்சு, அடியில் ஜல்லி நிரப்பிய வடிகால், ஒரு மூலையில் சம்ப்பும் தானாக இயங்கும் மோட்டாரும் வேண்டும். உள்பக்கம் மட்டும் பூசி முடிப்பது தற்காலிக வேலை. பின்னாலிருந்து தள்ளும் நீர் பூச்சை உரித்துவிடும்.

ஆவித்தடுப்பும் காப்பும்

28 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 22 டிகிரிக்கு ஆறியதும் நீராகப் படியத் தொடங்கும். 13 டிகிரியில் இருக்கும் சுவரை அந்தக் காற்று எந்தச் சந்தில் தொட்டாலும் வியர்வைதான். ஆகவே காப்புப்பொருளுக்கு வெளிப்பக்கம், அதாவது சூடான பக்கம், இடைவெளியில்லாத ஆவித்தடுப்பு இருக்க வேண்டும். 150 மைக்ரான் பாலித்தீன் தாளாவது வேண்டும். குளிர்நாட்டு வீடுகளுக்கான கட்டடக் குறிப்புகள் அதை அறையின் உள்பக்கம் வைக்கச் சொல்லும். அங்கே சூடு உள்ளேதான் இருக்கிறது. ஒயின் அறைக்கு அதை அப்படியே பின்பற்றினால் ஈரம் காப்புப்பொருளுக்குள் புகுந்து தங்கி, அதை நனைந்த பஞ்சாக்கிவிடும்.

காப்பின் கணக்கை ஓர் அறையை வைத்துப் பார்க்கலாம். நீளம், அகலம் 3 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், சுவர், தரை, கூரை சேர்த்து 47 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெளியே 25, உள்ளே 13. நூறு மில்லிமீட்டர் பஃப் (பாலியூரித்தேன் நுரை) பேனல் ஆறு பக்கமும் போட்டால் உள்ளே கசியும் வெப்பம் சுமார் 130 வாட். இரண்டு பழைய குண்டுபல்புகளின் சூடு. இதில் 2 சதுர மீட்டர் கண்ணாடிக் கதவு வைத்து, அதற்கு வெளியே வீட்டின் 30 டிகிரி காற்று இருந்தால், இரட்டைக் கண்ணாடியாக இருந்தாலும் கதவு ஒன்றே 95 வாட் சேர்க்கும். ஒற்றைக் கண்ணாடி 190 வாட்டைத் தாண்டும், மீதி அறை முழுவதையும்விட அதிகம். விளம்பரப் படங்களில் தவறாமல் வரும் கண்ணாடிச் சுவர் இந்த ஊருக்கு ஏற்றதல்ல. மரக்கதவுக்குள் பஃப் நிரப்பி, சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்து, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ் போட்டாலே போதும்.

தரையை மறந்துவிடுவது பரவலான பிழை. பாரிஸில் தரையிலிருந்து குளிர் வரும். இங்கே தரையிலிருந்து சூடு வரும். புட்டித்தாங்கியில் ஒரு சதுர மீட்டர் சுவருக்குச் சுமார் நூறு புட்டி அடங்கும், எடை 130 கிலோ அளவுக்கு வரும். அந்தப் பாரம் தாங்க, அழுத்தம் தாங்கும் காப்புப்பலகையைப் பரப்பி மேலே கான்கிரீட் போட வேண்டும்.

ரோஜா அறை தந்த கைத்திறன்

இந்த வேலைக்கு வெளிநாட்டு வல்லுநரைத் தேட வேண்டியதில்லை. ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா, வெட்டியவுடன் 2 முதல் 4 டிகிரியில் குளிரறைக்குப் போகிறது. காதலர் தினமான பிப்ரவரி 14ஐ முன்னிட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவது அந்த ரோஜாதான். தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் கூட்டு முயற்சியாக அமுதகொண்டபள்ளியில் அமைந்த டான்ஃப்ளோரா மலர்ப்பூங்காவுக்கும் இந்தத் தொழிலின் வளர்ச்சியில் பங்குண்டு. கிருஷ்ணகிரி வியாபாரிகள் புளி கறுக்காமல் இருக்க அதைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறார்கள். பேனலைக் கொக்கி போட்டு இணைத்து, மூட்டுக்குச் சிலிக்கான் வைத்து, கதவுப்பட்டை மாற்றத் தெரிந்தவர்கள் ஆகவே உள்ளூரிலேயே இருக்கிறார்கள். இருபுறமும் தகடு ஒட்டிய பஃப் பேனலில் தகடே ஆவித்தடுப்பு. மூட்டை அடைத்தால் முடிந்தது. நிலவறைச் சுவருக்கும் பேனலுக்கும் நடுவே காற்று உலவ இடம் விட வேண்டும்.

ரோஜா அறையின் இயந்திரத்தை மட்டும் அப்படியே கொண்டுவரக் கூடாது. பூவுக்கு 90 விழுக்காட்டை ஒட்டிய ஈரம் வேண்டும், ஒயின் லேபிள் அதில் உரிந்துவிடும். வீட்டு ஸ்பிளிட் ஏசியும் ஆகாது; பெரும்பாலானவை 16 டிகிரிக்குக் கீழே போகா. சென்சாரை ஏமாற்றி இறக்கினால் சுருளில் பனி கட்டும், காற்றின் ஈரமும் வற்றும். ஒயினுக்கான குளிர்விப்பான் பெரிய சுருளையும் மெல்லிய காற்றோட்டத்தையும் கொண்டது. சுருளுக்கும் அறைக்கும் வெப்ப வேறுபாடு குறைவாக இருப்பதால் ஈரம் தங்கும். சூட்டைக் கக்கும் வெளிப்பகுதி வீட்டுக்கு வெளியே, நிழலில் இருக்க வேண்டும். பக்கத்து நிலவறையிலேயே அதை வைத்து, தானே விட்ட சூட்டைத் தானே இழுக்கும்படி அமைத்துவிடுவோரும் உண்டு. மேலே சொன்ன அறைக்கு விசிறி உட்பட நாளுக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் கணக்கு.

மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயிரம் புட்டி இருந்தால் 750 லிட்டர் திரவம். 130 வாட் கசிவில் அது ஒரு டிகிரி ஏற ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். அறை காலியாக இருந்தால் மட்டுமே சட்டென்று சூடேறும். அப்போது கெடுவதற்கும் அங்கே ஒன்றுமில்லை. பொருள் நிறைந்த அறையே தனக்குக் காப்பு என்பதை 1842இல் சென்னைக் கடற்கரையில் ஃப்ரெடெரிக் டியூடரின் நிறுவனம் கட்டிய ஐஸ் ஹவுஸும் காட்டியது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து அங்கே நின்றது. இன்று அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம்.

சட்டம்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்த மாவட்டம் சேலம். நாள் 1937 அக்டோபர் 1. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலத்துக்குள் அடக்கம். கொண்டுவந்த ராஜாஜி பிறந்ததோ ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் அடிப்படை. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றி, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. கர்நாடகம் 2007இல் திராட்சை பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கை வகுத்தது. நந்தி மலையடிவாரத்தில் தொட்டபல்லாபுரத்தில் கன்வல் குரோவர் 1988இல் தொடங்கிய நிறுவனம் நாட்டின் முன்னோடி ஒயின் ஆலைகளில் ஒன்று. அங்கே வாங்கிய பெட்டியை அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடிக்குள் கொண்டுவருவது அனுமதியில்லாவிட்டால் குற்றம். வீட்டில் வைத்திருக்கும் மதுவுக்கும் தமிழ்நாட்டில் உச்சவரம்பு உண்டு. ஆகவே அறையின் அளவைத் தீர்மானிப்பதற்கு முன்பு மாவட்ட மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் வரம்பையும் உரிமத்தையும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் வேலை. பாறையை உடைத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

தேவை

இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஒயினில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு ஆண்டில் குடிப்பதற்காகச் செய்தது, வைத்திருந்தால் மேம்படாது. ஐம்பது புட்டிக்கு ஒயின் ஃப்ரிட்ஜ் போதும். அதற்கு மேலும் நீண்டகாலம் வைக்க விரும்புவோர்க்கும், மண்ணே 25 டிகிரியில் இருக்கும் ஊரில் குழி கட்டாயமல்ல. வெயில் படாத வடக்குப் பக்கத்து அறைக்குள் பஃப் பேனலால் இன்னோர் அறை எழுப்பினால் ஏறக்குறைய அதே மின்செலவில் அதே குளிர் கிடைக்கும். பாறையும் ஊற்றுநீரும் சம்ப்பும் தொல்லை தரா. வீட்டுக்கு ஏற்கெனவே நிலவறை இருந்தால் அதில் கட்டலாம். ஒயினுக்காக மட்டும் நாகரசம்பட்டிப் பாறையைப் பிளப்பது வீண்செலவு.