மரிச்சுக்கட்டி முத்துச் சந்தையும் நம்ம மீன் துறையும்

 

மன்னார் முத்தின் பெருமையைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். அந்த முத்தைச் சிப்பிக்குள்ளிருந்து எடுத்த கூலியாட்களின் உடம்பு பட்ட பாட்டை யாரும் படிப்பிப்பதில்லை. இன்றைக்கு அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முசலிப் பக்கம் இருக்கிற மரிச்சுக்கட்டிக் கரையில், வெள்ளைக்காரர் காலத்தில் 1903 முதல் 1907 வரையான ஆண்டுகளில் பெரிய முத்துக்குளிப்புகள் நடந்தன. சில வாரங்களுக்கு மட்டும் வெறும் மணலில் ஓலைக்குடில் நகரம் ஒன்று முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்த குளியாளிகள், தரகர்கள், வியாபாரிகள் என்று 20,000 பேருக்கு மேல் கூடுவார்கள். ‘கொட்டு’ என்ற வேலியடைத்த இடத்தில் சிப்பியை எண்ணிப் பங்கு வைப்பார்கள். மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாளிக்கு. அரசாங்கப் பங்கு அன்றன்றே ஆயிரக்கணக்கில் ஏலம் போகும்.

வாங்கியவர்கள் சிப்பியை நாட்கணக்கில் அழுக விடுவார்கள். புழு சதையைத் தின்ற பிறகு, கூலியாட்கள் அந்தக் குழம்பைக் கடல்தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி முத்துத் தேடுவார்கள். 1906 இல் அங்கே கடமை பார்த்த லெனாட் வூல்ஃப் என்ற அதிகாரி, அந்த நாற்றத்தையும் ஈக்களையும் பற்றிப் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் பெரிய பயம் வாந்திபேதி. கெட்ட காற்றுத்தான் அதைக் கொண்டு வருகிறது என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே நம்பினார்கள். 1854 இல் லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், குடிதண்ணீரில்தான் அது பரவுகிறது என்று காட்டினார். 1884 இல் ரொபர்ட் கொக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டார். ஆக, மூக்கைப் பிடிக்க வைத்த சிப்பியை விட, மலம் கலந்த கிணற்றுத் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. அதற்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை.

இது பழைய கதை என்று விட முடியாது. 2020 ஒக்டோபர் 21 ஆம் திகதி பேலியகொடை மீன் சந்தையில் 49 பேருக்குக் கொரோனா என்று தெரிய வந்தது. சந்தையை மூடினார்கள். சனம் மீனுக்குப் பயந்தது. வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி, ஊடகக்காரர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டி வந்தது! உண்மையில் நோய் பரவியது மீனால் அல்ல. நெருக்கியடித்துக்கொண்டு, சத்தம் போட்டு ஏலம் கூறி, தோளோடு தோள் உரச வேலை செய்ய வேண்டிய இடத்தால். முதலில் நோயாளியானதும் பழி சுமந்ததும் அங்கே வேலை செய்த ஏழைகள்தான்.

நூறு வருஷ இடைவெளியில் இரண்டு தடவையும் ஒரே பிழைதான். சரக்கைப் பார்த்துப் பயப்படுகிறோம், வேலை செய்கிற இடத்தைப் பார்ப்பதில்லை.

நம்ம துறைக்கு வருவோம். விடியற்காலையில் நண்டு தெரிக்கிற, மீன் வெட்டுகிற, கருவாடு போடுகிற நம்ம தாய்மாரை நினைத்துப் பாருங்கள். முள் குத்திய கையைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டாமா? கடல்தண்ணீரிலும் காயத்தைப் புண்ணாக்கும் கிருமிகள் உண்டு. பக்கத்தில் மலசலகூடம் இல்லாத இடத்தில், வேலை முடியும் மட்டும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று வருவது அதிசயமா?

ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மலசலகூடம், கழிவு ஓட ஒரு வாய்க்கால், வெயிலுக்கு ஒரு கூரை. அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கூப்பிட்டு, இந்த நாலையும் எழுத்தில் கேட்போம். பள்ளிவாசலும் கோயிலும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது.

துறையில் வேலை செய்கிறவர்கள் கீழே எழுதுங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது எது?