பழைய கணினியில் புதிய தொகுப்பி: ஒரு வரலாற்றுப் பார்வை

கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம் வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. காப்பி சரிவராத அந்த நிலத்தில், 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது அங்கேதான் முதல்முறை. பிற்காலத்தில் பால்மரத் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. ஆனா ஒரே நாளில் இல்லை. புதுக்கன்று காய்க்க ஏறக்குறைய 3 ஆண்டு ஆகும். அதுவரை சம்பளம் போடணுமே! அதனால்தான் பகுதி பகுதியாக மறுநடவு செய்வார்கள். பழைய மரம் ஒரு பக்கம் பால் கொடுக்கும், புதுக்கன்று இன்னொரு பக்கம் வளரும்.

கணினி நிரல் தொகுப்பியின் (கம்பைலர்) கதையும் இப்படித்தான்.

தொகுப்பி வந்த வரலாறு

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. 1952-இல் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி இத்துறையில் முதலடி வைத்தார். 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழிக்கான தொகுப்பியை வெளியிட்டனர். 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற உரிமையோடு ஜிசிசி தொகுப்பியை வெளியிட்டார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை உருவாக்கியதும் அதைக் கொண்டுதான்.

1997-இல் ஜிசிசியின் வளர்ச்சி மெதுவாக இருக்கிறது என்று கருதிய சிலர், 'எக்ஸ்' என்ற பெயரில் தனிக்கிளை ஒன்றைத் தொடங்கினர். பழையதை அவர்கள் அழிக்கவில்லை. பக்கத்திலேயே புதியதை வளர்த்தனர். 1999-இல் அந்தக் கிளையே அதிகாரப்பூர்வ ஜிசிசி ஆனது.

பழைய லினக்ஸில் என்ன சிக்கல்?

2014-இல் வந்த சென்ட்ஓஎஸ் 7 ஓர் எடுத்துக்காட்டு. அதனுடன் வருவது ஜிசிசி 4.8. புதிய பாடநூலில் உள்ள சி++ பயிற்சிகள் சில அதில் ஓடாது. உடனே பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டால் என்ன? கூடவே கூடாது. கணினியின் மற்ற நிரல்கள் எல்லாம் பழைய பொது நூலகங்களை நம்பி நிற்கின்றன. அவற்றில் கை வைத்தால் கணினியே எழுந்திருக்காமல் போகலாம்.

சரியான வழி

புதிய தொகுப்பியைத் தனிக் கோப்புறையில் நிறுவ வேண்டும். ரெட்ஹேட் நிறுவனம் வழங்கிய தொகுதியும் 'ஆப்ட்' என்ற கோப்புறையில் தனியாகவே அமர்ந்தது. தேவைப்படும்போது மட்டும் அதை அழைப்போம்.

மூல நிரலிலிருந்து நாமே உருவாக்கினால் மூன்று கட்டம். பழைய தொகுப்பி புதியதை உருவாக்கும். அந்தப் புதியது தன்னைத்தானே மீண்டும் உருவாக்கும். அதுவும் இன்னொரு முறை உருவாக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருந்தால் வேலை சரி. அப்படின்னா, பழையது இல்லாமல் புதியது பிறக்கவே முடியாது!

படி தாண்டவும் முடியாது. ஜிசிசி 15-ஐ உருவாக்க 5.4 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். 4.8 வைத்திருப்பவர் முதலில் இடைப்பட்ட ஒரு பதிப்பை உருவாக்கி, அதன்மேல் ஏற வேண்டும்.

நிறுவிய பிறகும் "நூலகப் பதிப்பு கிடைக்கவில்லை" என்று நிரல் நின்றால் பயப்பட வேண்டாம். அது பழைய நூலகத்தைத் தேடிப் போகிறது. புதிய நூலகம் இருக்கும் இடத்தைக் காட்டினால் ஓடும்.

ஒன்றை மறக்கக்கூடாது. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 30.6.2024-இல் முடிந்துவிட்டது. புதிய தொகுப்பி பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யாது. இத்தகைய கணினியை இணையத்தில் இணைக்காமல் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தோட்டத்து வீடுகளில் அண்ணன், அக்கா விட்டுச்சென்ற கணினியில்தான் பல பிள்ளைகள் படிக்கிறார்கள். "இது பழசு, உதவாது" என்று சொல்வதற்கு முன் இந்த வழியை முயன்று பாருங்கள்.

மாணவர்களுக்கான வினாக்கள்

1. மறுநடவுக்கும் தொகுப்பி நிறுவுதலுக்கும் உள்ள இரண்டு ஒற்றுமைகளை எழுதுக.
2. 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்னும் கருத்து இங்கு எவ்வளவு பொருந்தும்? காரணம் காட்டி விளக்குக.